கண்ணில் படாததையும் எழுதிவைக்கும் படிப்பு

என் முதுகலை ஆய்வின் களக்குறிப்பேடு இன்றும் என் மேசையில் இருக்கிறது. அதன் பக்கங்களைப் புரட்டினால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்ணில் படுவது பூச்சியம்தான். தாமிரபரணியின் கரையோரம் பாறை பாறையாக ஏறி இறங்கி நீர்நாயின் எச்சத்தைத் தேடிய நாட்களில், அது கிடைக்காத ஒவ்வோர் இடத்துக்கும் நேரே நாள், நேரம், நீரோட்டத்தின் வேகம், கரையில் நிற்கும் மரங்கள், அருகில் குளிக்கும் துறை உண்டா இல்லையா என்பவற்றை எழுதி, கடைசிக் கட்டத்தில் அந்தப் பூச்சியத்தையும் எழுதினேன். காட்டுயிரியல் படித்தவள் என்று தெரிந்ததும் புலியைப் பார்த்த கதையைத்தான் எல்லோரும் என்னிடம் எதிர்பார்க்கிறார்கள். எனக்கோ இந்தப் பூச்சியங்களைப் பற்றித்தான் சொல்லத் தோன்றுகிறது. இரண்டு ஆண்டுகளில் நான் கற்றவற்றுள் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது அதுதான்.

நான் பிறந்தது வீரவநல்லூரை அடுத்த ஒரு சிற்றூரில். எங்கள் வயலுக்குக் கன்னடியன் கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. கார், பிசானம் என்ற இரண்டு நெற்பருவங்களுக்கும் அதுவே ஆதாரம். மேற்கே திரும்பினால் பொதிகை மலை, கிழக்கே திரும்பினால் குளங்களும் பனைகளும். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலோடு கலந்துவிடுகிறது. அந்தக் குறுகிய தொலைவுக்குள் பசுமைமாறாக் காடு, இலையுதிர்க்காடு, நெல்வயல், குளம், முள்காடு, கழிமுகம் என்று நிலம் மாறிக்கொண்டே போகிறது. இவ்வளவு வகையான வாழிடங்கள் ஒரே ஆற்றின் இரு கரைகளில் அடுத்தடுத்து அமைந்திருப்பது எவ்வளவு பெரிய பேறு என்பது, வெளியூரில் போய்ப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. சிறுவயதில் ஆச்சியோடு வயலுக்குப் போகும்போது, வாய்க்கால் கரையில் மீன் செதில் மின்னும் ஒரு குவியலைக் காட்டி, “இது ஆத்துநாய் போட்டது, நேத்து ராத்திரி வந்திருக்கு” என்று அவர் சொல்வார். எந்த விலங்கு, எங்கே, எப்போது என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அவர் நடந்துகொண்டே இருப்பார். பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் அச்சடித்த படிவத்தில் நிரப்பிய கட்டங்களில் முதல் மூன்றும் அவைதாம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் காட்டுயிரியல் படிக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, உறவினர்களில் பாதிப் பேர் அதைக் கால்நடை மருத்துவம் என்றும், மீதிப் பேர் வனத்துறை வேலைக்கான பயிற்சி என்றும் புரிந்துகொண்டார்கள். இன்றும் அந்தக் குழப்பம் பரவலாக இருப்பதால் இங்கே தெளிவாகவே எழுதிவிடுகிறேன். கால்நடை மருத்துவர் ஒரு விலங்கின் உடலையும் நோயையும் கவனிக்கிறார். வனத்துறை அலுவலர் ஒரு நிலப்பகுதியைச் சட்டப்படி காக்கிறார். காட்டுயிரியல் படித்தவரின் வேலை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. ஓர் உயிரினம் எந்த இடங்களில் வாழ்கிறது, எவ்வளவு இருக்கிறது, எதைத் தின்கிறது, எந்தக் காரணத்தால் கூடுகிறது அல்லது குறைகிறது என்ற கேள்விகளுக்கு, மற்றவர்கள் சரிபார்க்கக்கூடிய முறையில் விடை தேடுவதே அது. சான்றுகளின் படிப்பு என்று அதைச் சொல்லலாம்.

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இளங்கலை விலங்கியல் படித்தேன். மூன்று ஆண்டுகளும் பெரும்பாலும் கண்ணாடிச் சீசாக்களுக்குள் மிதந்த உயிர்களோடுதான் கழிந்தன. பாடத்துக்காக வகுப்பறையை விட்டு வெளியே சென்றது இரண்டே முறை. அதில் ஒரு முறை கூந்தன்குளம் போனோம். நாங்குநேரி வட்டத்தில் உள்ள அந்த ஊரில், குளத்துக் கரைகளில் மட்டுமல்லாமல் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டுகின்றன. அது 1994 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஊர் மக்கள் பறவைகளைத் தங்கள் வீட்டு விருந்தினராகக் காத்து வந்திருக்கிறார்கள். மைய ஆசியாவின் மேட்டுநிலங்களில் இனப்பெருக்கம் செய்துவிட்டு, இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துக்களை அன்று முதன்முதலாகத் தொலைநோக்கியில் பார்த்தேன். அவை இவ்வளவு தூரம் பறந்து வந்து எங்கள் மாவட்டத்தின் ஒரு குளத்தில் இறங்குகின்றன என்பதை அறிந்த அந்த நொடியில்தான், படித்தால் இதைத்தான் படிப்பது என்று உறுதி செய்தேன்.

அந்த நாட்களில் எனக்குப் பெரும் துணிவு தந்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஏ.ஜே.டி. ஜான்சிங் நாங்குநேரியில் பிறந்தவர். சிவகாசியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். காட்டில் இயல்பாக வாழும் ஒரு பெரிய பாலூட்டியைப் பற்றி இந்தியர் ஒருவர் செய்த முதல் ஆய்வாக அதைத் துறையினர் மதிக்கிறார்கள். பின்னர் டேராடூனில் உள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் சேர்ந்து பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார். 2024 இல் அவர் காலமானார். களக்காட்டு மலையையும் முண்டந்துறைக் காட்டையும் பார்த்து வளர்ந்த ஒருவர் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவராக ஆனார் என்பது, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் சொல்லித்தர வேண்டிய செய்தி என்று நான் உறுதியாக நம்புகிறேன். நான் கேட்டறிந்தவரை, பள்ளிகளில் அவர் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

எங்கே படிப்பது என்று பலரும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் உள்ள அ.வ.அ. கல்லூரியிலும் உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரியிலும் இதற்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. வெளி மாநிலத்தில் டேராடூன் நிறுவனமும், பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையமும் நுழைவுத்தேர்வு வழியாகச் சில மாணவர்களை மட்டும் எடுக்கின்றன. எங்கள் பக்கத்தை விட்டு வெகுதூரம் போக முடியாதவர்களுக்கு, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியில், மலையின் அடிவாரத்திலேயே இருக்கிறது. நான் வெளி மாவட்டத்துக்குப் போனேன். வகுப்பில் நாங்கள் மிகச் சிலரே. பாதிப் பேர் பெண்கள்.

முதல் பருவத்தில் என்னை மிகவும் அச்சுறுத்தியது காடல்ல, புள்ளியியல். மறைந்து வாழும் விலங்குகளை எண்ண முடியாது. மதிப்பிடத்தான் முடியும் என்ற அடிப்படையே எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஊர்க் கொடைவிழாவை நினைத்துக்கொண்டபோதுதான் அது தெளிந்தது. அம்மன் கோவில் கொடைக்கு எவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள் என்று அறிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் கோவில் வாசலில் நின்று 200 முகங்களை நினைவில் வைத்துக்கொள்கிறேன். இரவு வில்லுப்பாட்டு நடக்கும் பந்தலில் 100 பேரைப் பார்க்கிறேன். அவர்களுள் 10 பேர் மட்டுமே மாலையில் பார்த்த முகங்கள். நான் பார்த்த 200 பேர் மொத்தக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். ஆகவே கூட்டம் ஏறத்தாழ 2,000. புலியின் உடற்கோடுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் அவையே அதன் முகம். புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் தானியங்கிக் கேமராக்களை வைத்துப் புலிகளை மதிப்பிட்டது இந்தக் கணக்கின் அடிப்படையில்தான். ஒரு புலியின் இடப்பக்கக் கோடுகளும் வலப்பக்கக் கோடுகளும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், பாதையின் இரு புறமும் எதிரெதிராகக் கேமரா வைக்க வேண்டும். இத்தகைய சிறு நுணுக்கங்களில்தான் இந்தப் படிப்பின் சுவை இருக்கிறது.

அந்த வகுப்பில்தான் சரிஸ்காவைப் பற்றியும் கேட்டேன். ராஜஸ்தானில் உள்ள அந்தப் புலிகள் காப்பகத்தில் புலி ஒன்றுகூட எஞ்சவில்லை என்பது 2005 இல் தெரியவந்தது. அதற்கு முன்பு வரை பதிவேடுகளில் புலிகள் இருந்துகொண்டேதான் இருந்தன. காலடித் தடத்தைக் கொண்டு தனிப் புலிகளை அடையாளம் காணும் பழைய முறை கைவிடப்பட்டு, நாடு தழுவிய புதிய கணக்கெடுப்பு முறை 2006 முதல் நடைமுறைக்கு வந்ததற்கு அந்த அதிர்ச்சியும் ஒரு முக்கியக் காரணம். இதைக் கேட்ட அன்று எனக்கு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. உரிய காலத்தில் ஒருவர் பூச்சியம் என்று எழுதியிருந்தால், அல்லது எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது என்று எழுத இடமிருந்திருந்தால், அந்தக் காட்டின் வரலாறு வேறு விதமாக இருந்திருக்கலாம்.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது, தேர்வும் அவ்வாறே. மிளாவைச் சாம்பார் மான் என்றும், கருமந்தியை நீலகிரி லங்கூர் என்றும் எழுதிப் பழகினோம். அறிவியல் பெயர் உலகம் முழுவதற்கும் பொது என்பதால் அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் மிளா, கேழையாடு, சருகுமான், அழுங்கு, தேவாங்கு, சோலைமந்தி, வரையாடு என்று எங்கள் மலையைச் சுற்றி வாழ்பவர்கள் நாள்தோறும் சொல்லும் சொற்கள் வகுப்பறைக்குள் வந்தபோது, அவற்றை மொழிபெயர்க்க வேண்டிய கொச்சைகளாக நாங்களே நடத்தியதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. நீர்நாய் வாளைமீனை இரையாகத் தேடுவதைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு விலங்கை அதே பெயரால் அழைத்துவரும் மொழியில் அந்த விலங்கைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை எழுத முடியாமல் இருப்பது நியாயமில்லை. என் அறிக்கையின் பின்னிணைப்பில் விலங்குகள், மீன்கள், மரங்கள் ஆகியவற்றின் உள்ளூர்ப் பெயர்களை நான் கேட்டறிந்தபடியே சேர்த்தேன். யாரும் கேட்டுக்கொள்ளாமல் நானாகச் செய்த அந்தப் பகுதியின் மீதுதான் எனக்கு இன்றும் பற்று அதிகம்.

இரண்டாம் பருவத்தில் களப்பயிற்சிக்காக எங்களைக் களக்காடு முண்டந்துறைக்கே அழைத்து வந்தார்கள். 1962 இல் முண்டந்துறையும், 1976 இல் களக்காடும் தனித்தனிச் சரணாலயங்களாகி, 1988 இல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆயின. களக்காடு சரணாலயமானதற்குப் புலி காரணமல்ல, சோலைமந்தி. முகத்தைச் சுற்றி வெண்பிடரியும் குஞ்சம் வைத்த வாலும் கொண்ட அந்தக் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. காக்காச்சிப் பக்கம் ஒரு வெடிப்பலா மரத்தின் அடியில் எங்களை நிறுத்தி, மேலே பார்க்கச் சொன்னார்கள். பூக்கள் கிளை நுனியில் இல்லாமல் கிளையின் தண்டிலேயே கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. மற்ற மரங்களில் பழம் அரிதாகிவிடும் காலத்தில் இந்த மரம் பூக்கிறது. சோலைமந்தி, கருமந்தி, மலை அணில், வௌவால் என்று பலவும் அந்தப் பருவத்தில் அதன் சதைப்பற்றான பூக்களை நம்பியிருக்கின்றன. ஒரு மரம் எத்தனை உயிர்களின் பசிமாதங்களைத் தாங்குகிறது என்பதைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டேன். குரங்கைக் காப்பது என்றால் முதலில் அந்த மரத்தைக் காப்பது என்று அன்று எழுதிவைத்தேன். அன்று சோலைமந்தி எங்கள் கண்ணில் படவில்லை. மரத்தடியில் அவை கடித்துப் போட்ட பூவிதழ்கள் மட்டும் கிடந்தன.

என் ஆய்வுக்கு நீர்நாயைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சிக்குப் பங்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டு வகை நீர்நாய்களை முக்கியமாகப் பார்க்கலாம். சிறிய நகங்களைக் கொண்ட வகை, உலகிலுள்ள நீர்நாய்களிலேயே மிகச் சிறியது. மலை ஓடைகளில் வாழ்ந்து பெரும்பாலும் நண்டுகளைத் தின்கிறது. வழுவழுப்பான தோல் கொண்ட பெரிய வகை, அகன்ற ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் கூட்டமாக மீன் வேட்டையாடுகிறது. இரண்டுமே அழிவின் விளிம்பை நோக்கித் தள்ளப்படுபவை. தோலுக்காகவும் வளர்ப்பு விலங்காக விற்பதற்காகவும் நடக்கும் வணிகத்தைத் தடுக்க, 2019 இல் இரண்டு வகைகளுக்கும் பன்னாட்டு வணிகம் முற்றிலும் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இடம் தரப்பட்டது. எந்த வகை ஆற்றின் எந்தப் பகுதி வரை வருகிறது என்பதே என் கேள்வி. விலங்கைப் பார்ப்பது அரிது. ஆனால் நீர்நாய்கள் நீரோரப் பாறைகளில் குறிப்பிட்ட இடங்களில் மீண்டும் மீண்டும் எச்சமிடும் பழக்கம் உள்ளவை. எச்சத்தில் நண்டு ஓடு மிகுதியா, மீன் செதில் மிகுதியா என்று பார்த்தால், வந்து போனது எது என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கும். காலடித் தடத்தின் அளவும் கிடைத்தால் துணிந்து சொல்லலாம்.

காப்பகத்துக்குள் ஆய்வு செய்ய, 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அதற்குப் போதிய காலம் ஒதுக்கித் திட்டமிடாத மாணவர்கள் பின்னர் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். அனுமதி வந்ததும் காரையாறு பக்கத்தில் காணிப் பழங்குடியினர் குடியிருப்பைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எனக்கு வழித்துணையாக வந்தார். அவரை நான் தாத்தா என்றுதான் அழைத்தேன். அவர் என்னைத் தாயி என்பார். பாறையின் மேல் வெயிலில் காய்ந்து வெளுத்த எச்சத்துக்கும் மூன்று நாள் பழையதற்கும் நேற்றையதற்கும் உள்ள வேறுபாட்டை, தொடாமலே, வாசனையாலும் அதன் மேல் மொய்க்கும் ஈக்களாலும் அவர் சொல்லிவிடுவார். நான் அதே எச்சத்தை எடுத்துவந்து, கழுவி, சல்லடையில் வடித்து, காயவைத்து, உருப்பெருக்கியின் கீழ் செதில்களையும் ஓட்டுத் துண்டுகளையும் பிரித்து எண்ணி, அவர் ஒரு நிமிடத்தில் சொன்னதற்கு இரண்டு நாட்கள் கழித்துச் சான்று சேர்த்தேன். அந்தச் சான்று இல்லாமல் அறிவியல் இல்லை. ஆனால் எந்தப் பாறையில் குனிய வேண்டும் என்று சொல்ல அவர் இல்லையென்றால் கழுவுவதற்கு என்னிடம் எதுவுமே இருந்திருக்காது. ஆய்வறிக்கைகளில் இத்தகையவர்களுக்கு நன்றி சொல்லும் பக்கத்தில் ஒரு வரி மட்டுமே கிடைப்பது போதாது என்பது என் கருத்து.

என் படிப்பில் நடந்த மிகப் பெரிய பிழையை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். ஒருநாள் காலை ஓடையின் மேற்பகுதியை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, தாத்தா கையைப் பின்னால் நீட்டி என்னை நிறுத்தினார். மூங்கில் முறியும் ஓசை கேட்டது. விலங்கு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து மெல்ல உதிர்த்துப் பார்த்தவர், “காத்து நம்ம கிட்டேருந்து ஆனை பக்கம் போகுது தாயி, திரும்பிருவோம்” என்றார். திரும்பினோம். அன்று பார்க்க வேண்டிய இடங்களில் கடைசி மூன்று மீதமிருந்தன. மாலையில் குறிப்புகளைப் படியெடுக்கும்போது, அந்த மூன்று இடங்களுக்கும் நேரே நான் பூச்சியம் என்று எழுதினேன். அதற்கு முந்தைய இரண்டு முறையும் அங்கே எதுவும் கிடைக்கவில்லை, இந்த முறையும் கிடைத்திருக்காது என்று என் மனம் சொன்னதே காரணம்.

என் நெறியாளர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, நேரம் எழுதும் கட்டம் அந்த மூன்று இடங்களுக்கு மட்டும் காலியாக இருப்பதைச் சுட்டி, “நீ இந்த இடத்துல போய் நின்னியாம்மா?” என்று மட்டும் கேட்டார். நான் தலை குனிந்து இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. பார்த்தும் கிடைக்கவில்லை என்பது பூச்சியம். பார்க்கவே இல்லை என்பது வெறும் கோடு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அந்த மாதத்துக்கான இடங்கள் அனைத்தையும் மறுபடி நடந்து எடுக்கச் சொன்னார். எடுத்தேன். நான் பூச்சியம் எழுதிய அந்த மூன்றில் ஒன்றில், நண்டு ஓடு நிறைந்த புதிய எச்சம் இருந்தது. அன்று நான் அடைந்த வெட்கத்தையும் மகிழ்ச்சியையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பூச்சியத்துக்கும் கோட்டுக்கும் உள்ள அந்த வேறுபாட்டின் மீதுதான் டாரில் மெக்கென்சியும் உடன் ஆய்வாளர்களும் 2002 இல் வெளியிட்ட ஒரு கணக்குமுறை நிற்கிறது. என் ஆய்வும் அதையே பின்பற்றியது. ஓர் இடத்தில் விலங்கு இருந்தும் ஒரு தடவை போனால் அதன் தடயம் நம் கண்ணில் படும் வாய்ப்பு பாதி என்று கொள்வோம். ஒருமுறை மட்டும் போய்விட்டு அங்கே அது இல்லை என்று முடிவு செய்தால், இரண்டில் ஒரு தடவை தவறு செய்வோம். மூன்று முறை போய்ப் பார்த்தால் மூன்று முறையும் தவறவிடும் வாய்ப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே ஒரே பாறைக்கு மறுபடி மறுபடி போவதும், ஒவ்வொரு முறையும் கிடைத்ததையும் கிடைக்காததையும் ஒரே அக்கறையோடு எழுதுவதும் அவசியம். அந்தப் பூச்சியங்களிலிருந்துதான் நம் கண்ணின் குறை எவ்வளவு என்பதே கணக்கிடப்படுகிறது. ஆய்வுக்காலம் முழுவதும் நான் நீர்நாயை நேரில் பார்த்தது மூன்று முறைதான்.

காட்டுக்குள் செய்யும் வேலைக்கே மதிப்பு என்ற எண்ணம் மாணவர்களிடம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. அது தவறு என்பதை எனக்கு உணர்த்தியது ஜனவரி மாதத்து நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. 2011 முதல் மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தின் முயற்சியால், தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தன்னார்வலர்கள் இதைச் செய்கிறார்கள். பிசான நெல் தலைநீட்டிக்கொண்டிருக்கும் வேளையில், விடியற்காலையில் குளத்துக் கரையில் நின்று, நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கிளுவை, ஊசிவால் வாத்து என்று எண்ணுவோம். பள்ளி மாணவர்கள் வருவார்கள். குளத்துக்குத் தண்ணீர் திறக்கும் நீர்க்காரரும் வந்து நிற்பார். மடை பழுதானால், ஆகாயத்தாமரை மூடினால், கரையில் குப்பை கொட்டினால் பறவைகளின் பட்டியல் எப்படிச் சுருங்குகிறது என்பதை ஆண்டுதோறும் அதே கரையில் நின்றால்தான் அறிய முடியும். அதே போல, நெல்லைக்கு வடக்கே கங்கைகொண்டானில் 2013 இல் அறிவிக்கப்பட்ட புள்ளிமான் சரணாலயம் வெறும் 288 ஹெக்டேர்தான்; சுற்றிலும் சாலையும் தொழிற்சாலையும். அங்கே மான்கள் எந்த இடத்தில் சாலையைக் கடக்கின்றன என்று ஓராண்டு பொறுமையாகக் குறித்தாலே ஒரு மாணவரின் ஆய்வு நிறைவாகிவிடும், மான்களுக்கும் பயன் கிடைக்கும்.

என் அப்பாவுக்கு இந்தப் படிப்பின் மீது நெடுங்காலம் நம்பிக்கை இல்லை. வாழைத் தோட்டத்தில் பன்றி புகுந்து கிழங்கைக் கிண்டிப்போட்ட ஒரு காலையில், “நீ படிக்கிறதுல பன்னிக்கு ஏதாச்சும் வழி இருக்கா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கசப்பு இருந்தது; நியாயமும் இருந்தது. காட்டுயிரைக் காக்கும் செலவின் ஒரு பகுதியை எங்கள் பக்கத்து விவசாயிகள் தங்கள் விளைச்சலிலிருந்து கொடுக்கிறார்கள் என்பதை எந்தக் காட்டுயிரியல் மாணவரும் மறக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன். அந்தக் கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து, சுற்றுவட்டாரத்தில் எந்தெந்தத் தோட்டங்களில் பன்றி இறங்கியது, எவற்றில் இறங்கவில்லை என்று ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டோம். சீமைக்கருவேலம் அடர்ந்த ஓடையை ஒட்டிய தோட்டங்களிலேயே சேதம் மிகுதி என்று தெரிந்தது. பகலில் அவை படுத்திருக்க அந்தப் புதர் இடம் தருகிறது. இறங்காத தோட்டங்களையும் ஏன் குறிக்க வேண்டும் என்று அப்பா கேட்டபோது, நெறியாளர் எனக்குச் சொன்னதையே அவருக்குச் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, பார்க்காமல் விட்ட இரண்டு தோட்டங்களுக்குக் கோடு போட்டார்.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்வதானால், நிலையான பணியிடங்கள் குறைவு. பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு ஆய்வுத் திட்டங்களில் உதவியாளராகத் தொடங்க வேண்டியிருக்கும். சிலர் தேர்வெழுதி வனத்துறைக்கும், சிலர் ஆசிரியப் பணிக்கும் போகிறார்கள். நான் இப்போது அத்தகைய திட்டம் ஒன்றில் இருக்கிறேன், வீட்டிலிருந்து வெகுதொலைவில்.

சென்ற மாதம் ஒரு காலையில் அப்பா தொலைபேசியில் அழைத்தார். வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போன இடத்தில், கால்வாய் மடையின் கல்மேல் புதிதாக ஓர் எச்சம் கிடப்பதாகவும், யாரும் மிதித்துவிடாதபடி சுற்றிலும் நான்கு கற்களை வைத்திருப்பதாகவும், பக்கத்து ஈரமண்ணில் பதிந்திருக்கும் கால்தடம் நான்கு விரற்கடை அகலம் என்றும் சொன்னார். நான் கேட்பதற்கு முன்பே, “நண்டு ஓடு ஒண்ணும் இல்ல, பூராவும் செதில்தான், குச்சியால கிண்டிப் பாத்துட்டேன்” என்றார். மணி எத்தனை என்று கேட்டேன். ஆறு இருபது என்று எழுதிவைத்திருந்தார்.